ஆட்டுமூளையைச் சோதிக்காமல் 'நோய் இல்லை' என்று எப்படிச் சொல்வது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கறிக்கடைக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கறிக்கும் மூளைக்கும் தனி வாடிக்கையாளர்கள் உண்டு. இரத்தசோகை உள்ளவர்களுக்கென்று மண்ணீரலான சுவரொட்டியைச் சொல்லிவைத்து வாங்கிப் போகிறார்கள். குழந்தைகளுக்கு மூளையை மிளகு போட்டு வறுத்துக் கொடுக்கிறார்கள். இந்தக் கடைகளுக்கு வரும் ஆடுகளில் கணிசமானவை புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் அறுபடுபவை. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, மாதவரத்தில், 1989-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் ஆய்வகங்களும் இருக்கின்றன. அறுக்கும் இடத்தில் கால்நடை மருத்துவர் ஆட்டின் நடையைப் பார்க்கிறார், ஈரலையும் நுரையீரலையும் பார்க்கிறார், முத்திரை குத்துகிறார். மூளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தைத் தொடங்க வேண்டும். செம்மறிகளின் மூளையைத் தாக்கும் பிரியான் நோய் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், இருந்தால் எந்த ரகம் என்று பிரித்துச் சொல்லும் திறனையும் மாதவரம் வளர்த்துக்கொள்ள வேண்டும். ரகம் தெரியாமல் 'இருக்கிறது' என்று சொல்வதும், சோதிக்காமல் 'இல்லை' என்று சொல்வதும் ஆடு வளர்ப்பவருக்கும் பயன்படாது, தின்பவருக்கும் பயன்படாது.

செம்மறிகளுக்கு வரும் பிரியான் நோயின் பெயர் ஸ்க்ரேபி. நோய் கண்ட ஆடு வேலியிலும் சுவரிலும் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ரோமத்தை இழக்கும், நடை தள்ளாடும், மெலிந்து சாகும். இங்கிலாந்தில் 1732-லிருந்தே இதைப் பற்றிய பதிவு உண்டு. காய்ச்சல் வராது, உடலில் எதிர்ப்பொருள் உருவாகாது. ஆகவே ஆட்டம்மைக்கோ நீலநாக்கு நோய்க்கோ செய்வதுபோல் இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 1936-ல் பிரான்சில் குய்யே, ஷெல் என்ற இருவர் இது தொற்றும் நோய் என்பதை ஆட்டிலிருந்து ஆட்டுக்குச் செலுத்திக் காட்டினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டனில் உண்ணியால் பரவும் வேறொரு நோய்க்காக ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தடுப்பூசி தயாரித்தார்கள். ஃபார்மலின் சேர்த்துக் கிருமியைக் கொன்றுவிட்டதாக நம்பிய அந்த மருந்தில் சுமார் 18,000 டோஸ் கொண்ட ஒரு தொகுதியைப் போட்ட மந்தைகளில், ஓரிரு ஆண்டுகள் கழித்து ஸ்க்ரேபி தலைகாட்டியது. ஃபார்மலினுக்குச் சாகாத, புற ஊதாக் கதிருக்கும் அசையாத இந்தக் கிருமி எது என்ற கேள்விக்கு 1982-ல் ஸ்டான்லி புரூசினர் சொன்ன பதில், அது வெறும் புரதம் என்பது. நரம்பு செல்களில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தவறாக மடிந்துபோய், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதங்களையும் தன்னைப் போலவே மடியவைக்கிறது. அதற்கு பிரியான் என்று பெயரிட்ட புரூசினருக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பதில் ஏற்கப்பட இத்தனை காலம் பிடித்ததற்கு ரகங்களும் ஒரு காரணம். 1961-ல் இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தில் பேட்டிசனும் மில்சனும் வெள்ளாடுகளுக்கு ஸ்க்ரேபியைச் செலுத்தியபோது சில ஆடுகள் ஓயாமல் சொறிந்துகொண்டன, சில தூங்கி வழிந்தன. ஒரு வகையை அடுத்த ஆட்டுக்குக் கொடுத்தால் அந்த ஆட்டுக்கும் அதே வகைதான் வந்தது. மரபுப்பொருளான டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ இல்லாத ஒரு புரதத்துக்கு இப்படித் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும் தனிக்குணங்கள் எப்படி வரும் என்பது நியாயமான சந்தேகம். இன்று கிடைக்கும் விளக்கம், குணம் மடிப்பில் இருக்கிறது என்பது. ஒரே அமினோ அமிலச் சங்கிலி பல விதமாக மடியக்கூடும். எந்த விதமாக மடிந்ததோ அந்த விதத்தையே அது நகலெடுக்கும். மடிப்பு மாறினால் நோய் தாக்கும் மூளைப்பகுதி மாறும், நோய் வெளிப்பட ஆகும் காலம் மாறும், எந்த விலங்குக்குத் தாவும் என்பதும் மாறும்.

மடிப்பை நேரில் பார்க்கக் கருவி இல்லாத காலத்தில் எடின்பரோவில் ஆலன் டிக்கின்சன், ஹியூ ஃப்ரேசர் குழுவினர் எலிகளை வைத்து ரகம் பிரித்தார்கள். அந்த முறையின் நேர்மை இன்றும் மதிக்கத்தக்கது. நோயுற்ற ஆட்டின் மூளைச் சாற்றை மரபளவில் ஒரே சீரான எலிகளின் மூளைக்குள் செலுத்துவார்கள். நோய் வெளிப்படும் நாள் வரை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட ரகம் ஒரு குறிப்பிட்ட எலி வகையில் எடுத்துக்கொள்ளும் நாட்கள் வியக்கத்தக்க அளவுக்கு மாறாமல் இருந்தன. எம்இ7 என்ற ரகம் ஒரு வகை எலியைச் சீக்கிரம் கொன்றது, இன்னொரு வகையில் வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 22ஏ என்ற ரகம் அதற்குத் தலைகீழாக நடந்தது. அதன் பிறகு எலியின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாம்பல் பொருளில் 9 இடங்களிலும் வெள்ளைப் பொருளில் 3 இடங்களிலும் எவ்வளவு துளை விழுந்திருக்கிறது என்று மதிப்பெண் போட்டுக் கோடு வரைவார்கள். அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கம் ரகத்துக்கு ரகம் வேறுபட்டது. 1996 மார்ச் 20 அன்று, மாடுகளுக்கு வந்த பிரியான் நோயான பித்த நோயும் இளைஞர்களைக் கொன்ற புது வகை மூளை நோயும் தொடர்புடையவையாக இருக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னபோது அதன் கையில் ஐயம் மட்டுமே இருந்தது. அடுத்த ஆண்டு மொய்ரா புரூசும் அவர் சகாக்களும் மாட்டின் ரகமும் மனிதரின் ரகமும் எலிகளில் ஒரே நாள்கணக்கையும் ஒரே கோட்டையும் தருவதை வெளியிட்டபோதுதான் ஐயம் சான்றாக மாறியது. ஆட்டின் ஸ்க்ரேபி தந்த கோடு வேறாக இருந்தது. ரகம் பிரிக்கத் தெரிந்திராவிட்டால் பழி எந்த விலங்கின் மேல் விழுந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எலிச்சோதனைக்கு ஓராண்டு, ஈராண்டு ஆகும். ஆகவே இன்றைய ஆய்வகங்கள் முதலில் செய்வது வெஸ்டர்ன் பிளாட். மூளைத்தண்டிலிருந்து எடுத்த சிறு துண்டை அரைத்து, புரோட்டினேஸ் கே என்ற நொதியை ஊற்றுகிறார்கள். நல்ல புரதம் முழுக்கக் கரைந்துவிடும். தவறாக மடிந்தது முனை மட்டும் வெட்டுப்பட்டு நின்றுவிடும். மிஞ்சியதை ஜெல்லில் ஓட்டினால் எடைக்கேற்பப் பட்டைகளாகப் பிரியும். வழக்கமான ஸ்க்ரேபியில் மூன்று பட்டைகள் தெரியும். மாட்டுப் பித்த நோய் ஆட்டுக்கு வந்திருந்தால் பட்டைகள் மூன்றுதான், ஆனால் கீழ்ப்பட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும், ஏனென்றால் அந்த மடிப்பில் நொதி சற்று உள்ளே புகுந்து வெட்டிவிடுகிறது. 1998-ல் நார்வேயில் வெவ்வேறு மந்தைகளைச் சேர்ந்த 5 ஆடுகளில் கண்ட நோயில் இந்த வரிசையே வேறாக இருந்தது. 12 கிலோடால்டன் அளவில், மற்ற ரகங்களில் வராத ஒரு சிறு பட்டை தெரிந்தது. 2003-ல் விவரித்து எழுதப்பட்ட அந்த ரகத்துக்கு நார்98 என்று பெயர். அது தாக்குவது பெரும்பாலும் சிறுமூளையை. வழக்கமாகச் சோதிக்கும் மூளைத்தண்டில் அது குறைவாகவே இருப்பதால் சில துரிதச் சோதனைகளுக்குத் தப்பிவிடும். வயதான ஆட்டில், மந்தைக்கு ஒன்றாகத்தான் பெரும்பாலும் தென்படுகிறது. தொற்றாமல் தானாகவே தோன்றுகிறது என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. வழக்கமான ஸ்க்ரேபியை எதிர்த்து நிற்கும் ஏஆர்ஆர் மரபுக்கூறு உள்ள ஆட்டையும் அது விடுவதில்லை. பட்டையை மட்டும் நம்பவும் முடியாது. சிஎச்1641 என்ற ஸ்க்ரேபி மாதிரி, பட்டையில் மாட்டு நோயைப் போலவே தெரிந்து குழப்பும். அப்போது மறுபடி எலியிடம்தான் போக வேண்டும்.

பிரித்தறிவதில் கவனம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு 2001 அக்டோபர் சான்று. மாட்டுப் பித்த நோய் ஆடுகளுக்கும் போயிருக்கிறதா என்று கண்டறிய, 1990-களின் தொடக்கத்தில் சேகரித்த ஆட்டு மூளைகளை எடின்பரோவில் ஆண்டுக்கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மாட்டு நோயின் சாயல் தெரிவதாகச் செய்தி கசிந்தது. மோசமான நிலை வந்தால் நாட்டின் சுமார் 4 கோடி ஆடுகளையும் அழிப்பது வரைக்கும் அரசின் திட்ட ஆவணம் போனது. முடிவை வெளியிடும் தறுவாயில் வேறொரு ஆய்வகம் டிஎன்ஏவைப் பார்த்துச் சொன்னது: இவை ஆட்டின் மூளையே அல்ல, மாட்டின் மூளை. மாதிரிகள் எங்கோ மாறிப்போயிருந்தன. இது அறிவியலின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கடைசி நேரத்தில் என்றாலும் இரண்டாவது ஆய்வகத்திடம் கேட்கும் ஒழுங்கு இருந்ததால்தான் கோடிக்கணக்கான ஆடுகளின் தலைவிதி தப்பியது. மாதவரத்தில் எது தொடங்கினாலும், மாதிரியைப் பெயரிட்டு அடைப்பதிலிருந்து அந்த ஒழுங்கோடு தொடங்க வேண்டும்.

இந்தியாவில் இந்த நோய் இல்லவே இல்லை என்று நம்புபவர்கள் உண்டு. 1961-ல் ஸ்லாட்னிக், கட்டியார் இருவரும் பிரிட்டனின் கால்நடை மருத்துவ இதழில், இமயமலை அடிவாரத்துச் செம்மறிகளில் ஸ்க்ரேபி கண்டதை எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டமும் அதை மறக்கவில்லை. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஸ்க்ரேபியின் பெயர் இருக்கிறது. மாடுகளைப் பொறுத்தவரை, பித்த நோய் அபாயம் மிகக் குறைந்த நாடு என்ற தகுதியை உலக விலங்குநல அமைப்பு 2010-ல் இந்தியாவுக்கு அளித்தது. அந்தத் தகுதி ஆட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அட்டவணையில் பெயரைச் சேர்த்துவிட்டு மூளையைப் பார்க்காமல் இருந்தால் வரக்கூடிய ஒரே அறிக்கை 'புகார் எதுவும் வரவில்லை' என்பது. அப்படிப்பட்ட அறிக்கையின் பெறுமானம் வடசென்னைக் கடற்கரைக்குத் தெரியும். 2017 ஜனவரி 28 விடியலில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் முதல் அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர் கரையில் பாறைகளுக்கு நடுவே கெட்டித்துக் கிடந்த கரும்பிசினை ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள்.

நோயைத் தேடிக் கண்டுபிடித்தால் வணிகம் கெடும் என்பது அதிகாரிகள் மட்டத்தில் எழக்கூடிய முதல் மறுப்பு. உண்மையில் ரகம் பிரிக்கத் தெரிந்த நாடுகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வழக்கமான ஸ்க்ரேபி இல்லாத நாடுகள் என்ற பெயரை அரை நூற்றாண்டுக்கு மேல் காத்து வருபவை. 2009-ல் நியூசிலாந்திலும் 2010-ல் ஆஸ்திரேலியாவிலும் நார்98 வகை நோய் கண்ட ஆடு அகப்பட்டது. இரண்டு நாடுகளும் அதை மறைக்கவில்லை. இது தொற்றிப் பரவும் பழைய ரகம் அல்ல என்று ஆய்வகச் சான்றோடு சொன்னார்கள், பெயர் கெடவில்லை. உலக விலங்குநல அமைப்பின் விதிகளும் இந்த இரண்டையும் தொடர்பில்லாத நோய்களாகவே வைத்திருக்கின்றன. வணிகக் கட்டுப்பாடு பழைய ரகத்துக்குத்தான். இதே ஆடு ரகம் பிரிக்கத் தெரியாத ஒரு நாட்டில் அகப்பட்டிருந்தால் 'ஸ்க்ரேபி' என்ற ஒற்றைச் சொல்லோடு செய்தி பரவியிருக்கும்.

சோதிக்காத நாட்டின் மேல் பிறர் எதையும் ஏற்றிச் சொல்லலாம் என்பதும் நமக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. 2005 செப்டம்பரில் லான்செட் இதழில் கோல்செஸ்டர் என்ற பெயருடைய இருவர் ஒரு கருதுகோளை வைத்தார்கள். 1960, 70-களில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டனுக்குக் கப்பலேறிய எலும்பிலும் எலும்புத்தூளிலும், ஆற்றில் விடப்பட்ட மனித உடல்களின் மிச்சம் கலந்திருக்கலாம், மாட்டுப் பித்த நோய் அதிலிருந்தே தொடங்கியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். பெங்களூரு நிம்ஹான்ஸின் எஸ்.கே.சங்கரும் பி.சதீஷ்சந்திராவும் லான்செட்டிலேயே அதை எதிர்த்து எழுதினார்கள். க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்னும் மனித பிரியான் நோயைப் பற்றி 1971 முதலான நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து அவர்கள் முன்பே வெளியிட்டிருந்தார்கள். பேச அவர்களிடம் சரக்கு இருந்தது. நாளை ஆட்டைப் பற்றி இப்படியொரு கருதுகோள் வந்தால், தோலும் எலும்பும் இறைச்சியும் ஏற்றுமதியாகும் நம் துறைமுகங்களின் சார்பில் யார், எந்தப் பதிவேட்டை விரித்துப் பதில் சொல்வார்கள்?

இதைவிட வலுவான மறுப்பு கால்நடை மருத்துவர்களிடமிருந்தே வரும். ஆட்டுக்கொல்லி நோயும் ஆட்டம்மையும் நீலநாக்கும் ஆண்டுதோறும் மந்தைகளை வாரிக்கொண்டு போகும்போது, அபூர்வமான ஒரு மூளை நோயைத் தேடிப் பணத்தைச் செலவிட வேண்டுமா என்று அவர்கள் கேட்பது முழுக்க நியாயம். தடுப்பூசிக்கான ஒரு ரூபாயைக்கூட இதற்காக எடுக்கக் கூடாது. ஆனால் ஆட்டுக்கொல்லியின் வரலாற்றையே கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டும். 1987-ல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் ஆடுகள் செத்தபோதுதான் இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. மாட்டு வெக்கையை ஒத்த அறிகுறிகள். வெக்கை ஆட்டுக்கும் வந்திருக்கிறது என்று எழுதி முடித்திருக்கலாம். இது வெக்கையா, வேறா என்று ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்ததால் வேறு வைரஸ் என்பது தெரிந்தது. பின்னாளில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசிகளில் ஒன்றின் பெயர் அரசூர்/87. ஒத்த அறிகுறிகளைப் பிரித்தறிவதில் இந்த மாநிலத்துக்குப் பழக்கமும் பெருமையும் இருக்கிறது. சொறி, வெறிநோய், மூளைப்புழு, லிஸ்டீரியா என்று எத்தனையோ காரணங்களால் ஆடு தேய்த்துக்கொள்ளும், தள்ளாடும். அவற்றில் விடை கிடைக்காமல் செத்த ஆட்டின் மூளையை மட்டும் ஒரு படி மேலே கொண்டுபோகச் சொல்கிறேன்.

நம் ஆடுகள் ஓராண்டு நிறையும் முன்னரே கறிக்குப் போய்விடுகின்றன, இரண்டு முதல் ஐந்து வயதில் வெளிப்படும் நோய்க்கு அவகாசமே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. கிடாய்க்குட்டிக்கு அது பொருந்தும். ஈன்று ஈன்று ஓய்ந்த தாய் ஆடுகளும் கடைசியில் அதே ஆட்டுத்தொட்டிக்குத்தான் வருகின்றன. மேலும் வழக்கமான ஸ்க்ரேபியில், எளிதில் பிடிபடும் மரபுக்கூறு உள்ள ஆடுகளின் சுவரொட்டியிலும் அடிநாக்குச் சதையிலும் மூளைக்கு வெகு முன்பே பிரியான் சேர்ந்துவிடுகிறது. எந்த மரபுக்கூறு நம் ஆடுகளில் எவ்வளவு என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். மேச்சேரி, சென்னைச் சிவப்பு, இராமநாதபுரம் வெள்ளை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் காத்துவரும் நீலகிரிச் செம்மறி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான அந்த இனத்தில் செவியட் என்ற பிரிட்டிஷ் ஆட்டின் இரத்தம் கலந்திருக்கிறது; எடின்பரோவின் ஸ்க்ரேபி ஆய்வுகள் பலவற்றுக்கு மந்தை தந்தது செவியட்தான்.

மக்களைப் பீதிக்குள்ளாக்குவதாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டுக்கு நேராகப் பதில் சொல்லிவிட வேண்டும். இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக ஸ்க்ரேபி உள்ள நாடுகளில் ஆட்டுக்கறி தின்றவர்களிடம் அதனால் மூளை நோய் அதிகமானதற்குச் சான்று கிடைக்கவில்லை. மூளை வறுவலைத் தட்டிலிருந்து ஒதுக்கச் சொல்லும் தகவல் எதுவும் இன்று என்னிடம் இல்லை. அதே வேளையில், மனிதப் புரதம் பொருத்தப்பட்ட எலிகளுக்குச் சில ஸ்க்ரேபி மாதிரிகள் தாவியதாக 2014-ல் ஒரு பிரெஞ்சுக் குழு வெளியிட்டது. 2019-ல் வந்த இன்னோர் ஆய்வு, நார்98 வேற்று விலங்கின் புரதத்துக்குள் புகும்போது அதிலிருந்து மாட்டுப் பித்த நோயின் ரகம் வெளிப்படுவதைக் காட்டியது. 2002-ல் பிரான்சில் அறுக்கப்பட்ட ஒரு வெள்ளாட்டுக்கு மாட்டின் ரகம் இயற்கையாகவே வந்திருந்தது 2005-ல் உறுதியானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டு தாண்டிய ஆட்டின் மூளையும் தண்டுவடமும் உணவுக்குப் போகாமல் அகற்றப்படுகின்றன. நாம் அவற்றைத் தின்கிறோம். தின்னும் சமூகத்துக்குத்தான் சோதனை முதலில் தேவை; அதில் முதல் பயன் பெறுபவர் தலைக்கறி விற்பவர்.

செய்ய வேண்டியது பெரிய திட்டமும் இல்லை. 300 மூளைகளைச் சோதித்து ஒன்றிலும் நோய் இல்லையென்றால், நோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 3,000 என்றால் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. நார்98 ஐரோப்பாவில் பத்தாயிரத்துக்கு ஒரு சில என்ற அளவில்தான் அகப்படுகிறது, ஆகவே அதற்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் செம்மறிகள் சுமார் 45 லட்சம். ஆட்டுத்தொட்டிக்கு ஆந்திரத்திலிருந்து வருபவை வேறு. கிழட்டுத் தாய் ஆடுகளையும், நரம்புக் கோளாறோடு செத்த ஆடுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மண்டையைப் பிளக்கத் தேவையில்லை. தலையை உடலிலிருந்து பிரித்த பின் கழுத்துப் பக்கத்துத் துளை வழியாக நீண்ட கரண்டியை விட்டு மூளைத்தண்டை வழித்தெடுக்கலாம். சிறுமூளையின் ஒரு துண்டையும் சேர்த்தெடுத்தால் நார்98 தப்பாது. பாதி உறைபெட்டிக்கு, பாதி ஃபார்மலினுக்கு. ஐயத்துக்குரிய மாதிரியைப் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்தைப் போன்ற இரண்டாவது ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை அந்தத் தலை விற்பனைக்குப் போகக் கூடாது என்பதால், அன்றைய சந்தை விலையைக் கொடுத்து மாநகராட்சியே வாங்கிக்கொள்ளட்டும். இழப்பு வியாபாரியின் தலையில் விழுந்தால் அடுத்த வாரம் கிழட்டு ஆடு ஒன்றும் கண்ணில் படாது. எத்தனை மூளை பார்த்தோம், எந்த இனம், எந்த மாவட்டம், பட்டை எங்கே நின்றது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை தமிழில் அச்சிட்டு ஆட்டுத்தொட்டி வாசலிலேயே ஒட்ட வேண்டும்.